பேட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது

தை பிறந்து, தலைநகரின் குளிர் சற்றே தளரத் தொடங்கும் நாட்களில் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் ஓர் அழைப்பு வந்து சேர்கிறது. முன்னாளில் அதனைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார்; இந்நாளில் அது கைப்பேசித் திரையில் வந்து நிற்கிறது. வரும் வழி மாறினாலும், வந்த வீட்டில் நிகழ்வன மாறவில்லை. அன்னையார் மலை மந்திர் முருகனுக்கு அர்ச்சனை நேர்ந்துகொள்கிறார். தந்தையார் கரோல்பாக் கடைவீதிக்குச் சென்று கோட்டுக்கு அளவு கொடுக்கச் சொல்கிறார். மாம்பலத்திலிருந்து மாமா பேசுகிறார்: "கையை ஆட்டிப் பேசாதே என்று அவனுக்குச் சொல்லி வையுங்கள்." பயிற்சி நிலையத்தார் மாதிரிப் பேட்டிக்குக் கட்டணம் கேட்கிறார்கள், அதுவும் கட்டப்படுகிறது. இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே, வீட்டில் எவரும் எடுத்துப் பாராத தாள் ஒன்று உண்டு. பேட்டிக்குச் செல்பவர் தம் கையாலேயே நிரப்பி அனுப்பிய விண்ணப்பப் படிவமே அது.

அந்தத் தாளைப் பற்றியும், அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்திருப்போர் என்ன கேட்பார்கள் என்பதைப் பற்றியும் இத்திங்கள் எழுத விரும்புகிறோம். நம் போன்று ஊர்விட்டு வந்து வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அத்தாளில் ஒரு தனி இடரும், அதனினும் பெரிய தனி வசதியும் மறைந்திருக்கின்றன என்பது நம் கருத்து.

முதலில், எந்தெந்த வேலைக்கு இப்போது பேட்டி உண்டு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நம் சங்கத்து மூத்தவர்கள் பலர், சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று, ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, தலைமைச் செயலகத்திலும் ரயில்வேயிலும் அமர்ந்தவர்கள். அவர்களுக்குப் பேட்டி என்பது பெரும்பாலும் டிக்டேஷன்தான். அதிகாரி வாசிப்பார், இவர் எழுதுவார், பிழையின்றித் தட்டெழுதித் தந்தால் வேலை உறுதி. அந்த அனுபவத்தைக் கொண்டு பேரனுக்கு அவர்கள் கூறும் அறிவுரை, அன்பின் மிகுதியால் வருவதாயினும், காலத்துக்குப் பொருந்துவதன்று. 1-1-2016 முதல் மத்திய அரசின் கெஜட் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் பேட்டியே நீக்கப்பட்டுவிட்டது. எழுத்துத் தேர்வும், தேவைப்படின் தட்டெழுத்து முதலிய திறன் தேர்வும் மட்டுமே அவற்றுக்கு உண்டு. ஆதலின், "குமாஸ்தா வேலைக்கு உள்ளே ஆள் வேண்டும், பேட்டியில் பார்த்துக்கொள்கிறேன்" என்று எவரேனும் பணம் கேட்டு வந்தால், அவர் இல்லாத கதவைத் திறப்பதாகச் சொல்கிறார் என்று அறிக.

பேட்டி நிலைத்திருப்பது குடிமைப் பணிகளிலும் அவை போன்ற உயர் பதவிகளிலும், வங்கி அதிகாரிப் பதவிகளிலும், பொதுத்துறை நிறுவனங்கள் சிலவற்றிலும், தனியார் கம்பெனிகள் அனைத்திலுமாம். படை அதிகாரிகளுக்கான தேர்வு ஐந்து நாட்கள் நடப்பது. அது வேறு உலகம், அதனைப் பிறிதொரு திங்களில் பார்ப்போம். ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் மாளிகையில் மத்தியத் தேர்வாணையம் நடத்தும் ஆளுமைத் தேர்வையே இங்குச் சான்றாகக் கொள்கிறோம். மற்றவற்றுக்கும் அதுவே உரைகல்.

குடிமைப் பணித் தேர்வில் எழுத்துத் தாள்களுக்கு 1750 மதிப்பெண்; பேட்டிக்கு 275; ஆக மொத்தம் 2025. நூற்றுக்குப் பதின்மூன்றரை அளவே பேட்டியின் பங்கு. இது இவ்வளவாக நின்றதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்ரீநகரில் இருந்த வட்டாரப் பொறியியற் கல்லூரிக்கு மாணவரைச் சேர்க்கையில், இரண்டு மூன்று நிமிடப் பேட்டிக்கு மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கியதை எதிர்த்து அஜய் ஹாசியா என்னும் மாணவரும் பிறரும் தொடுத்த வழக்கில், அவ்வளவு ஒதுக்குவது நியாயமன்று என 1981-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அரியானா மாநிலப் பணித்தேர்வைக் குறித்த அசோக் குமார் யாதவ் வழக்கில் 1985-இல் மீண்டும் அதே கேள்வி எழுந்தது. அப்பொழுது மத்தியத் தேர்வாணையம் கைக்கொண்டிருந்த 12.2 விழுக்காட்டையே நீதிபதிகள் தக்க அளவாகச் சுட்டினர். எனவே, பேட்டியில் எவரோ நினைத்தபடி எவரையும் ஏற்றிவிடலாம், இறக்கிவிடலாம் என்று திண்ணையில் பேசப்படுவது மிகையே. ஆயினும், பட்டியலில் ஒரு மதிப்பெண்ணுக்குள்ளேயே பலர் நெருங்கி நிற்பதால், ஆட்சிப் பணி கிடைப்பதும் வேறு பணி கிடைப்பதும், ஏன், பட்டியலில் பெயர் வருவதும் வாராது போவதும் அந்த அரைமணி நேரத்தைப் பொறுத்து அமைந்துவிடுகின்றன. தவறினால் முதல்நிலைத் தேர்விலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 32 வயதுக்குள் ஆறு வாய்ப்புகளே உண்டு. ஒரு பேட்டி ஒரு குடும்பத்தின் ஈராண்டுச் சேமிப்பையும் ஓர் இளைஞனின் ஈராண்டு உறக்கத்தையும் தன்னுள் வைத்திருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன? தேர்வாணைய உறுப்பினர் ஒருவர் தலைவராக நடுவில் அமர்வார். இருமருங்கிலும் அறிஞர்கள் அமர்வர். எழுத்துத் தேர்வில் இவர் வாங்கிய மதிப்பெண் அவர்கள் முன் இருப்பதில்லை. அவர்கள் முன் இருப்பது இவருடைய வாழ்க்கைக் குறிப்பு மட்டுமே. குறுக்கு விசாரணை செய்வது தன் நோக்கமன்று, இயல்பான ஆனால் குறிக்கோளுள்ள உரையாடலே தன் முறை என்று ஆணையம் தன் அறிவிப்பிலேயே சொல்லிவிடுகிறது. பாட அறிவை முன்னரே அளந்தாயிற்று. இனி அளப்பது ஆளை. ஆளைப் பற்றிக் கேட்பதற்கு அவர்களிடம் உள்ள கருவி அந்தப் படிவம். பெயர், பிறந்த ஊர், தாய்மொழி, பெற்றோர் தொழில், படித்த பள்ளிகள், பட்டம், பொழுதுபோக்கு, எந்தப் பணி வேண்டும், எந்த மாநிலம் வேண்டும் என்பன அதில் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கேள்வியின் வித்து.

இங்கேதான் நம் வீட்டுப் பிள்ளைகளின் இடர் தொடங்குகிறது. நம் சங்கக் கூடத்தில் அன்பர்கள் சிலர் கூடி நடத்திவரும் ஒத்திகைப் பேட்டிகளில் இதனை அடிக்கடி காண்கிறோம். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர், பொருளாதாரம் பயின்றவர். ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை ஏன் மாற்றுகிறது என்று வினவியதும் ஆறாய்ப் பெருகினார். படிவத்தில் தாய்மொழி தமிழ் என்றும், தந்தையார் பிறந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் என்றும் எழுதியிருந்தார். "அவ்வூர் எந்த ஆற்றங்கரையில் உள்ளது?" என்று கேட்டோம். ஆறு நின்றுவிட்டது. சிறிது நேரம் கழித்து, "ஐயா, நான் தில்லிக்காரன். ஊருக்குக் கோடை விடுமுறையில் இரண்டு முறைதான் போயிருக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. ஆயினும் எதிரே இருப்போர் அதனை எவ்வாறு எடுத்துக்கொள்வர்? ஒரு மாவட்டத்தை ஆளப்போகும் ஒருவர், தம் தந்தையார் நடந்த தெருவைப் பற்றி ஒருநாளும் வினவியதில்லை என்று எடுத்துக்கொள்வர். அந்த இளைஞர் தம் தாத்தாவிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தால் போதும். பொதிகையில் தோன்றித் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே ஓடிப் புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியைப் பற்றியும், அவ்வாற்றின் கடைசி அணைக்கட்டு அவ்வூரிலேயே இருப்பதைப் பற்றியும், கடைமடைப் பாசனத்துக்கு நீர் போதாமல் உழவர் படும் பாட்டைப் பற்றியும் அவர் பேசியிருப்பார். பக்கத்திலேயே ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் அங்கு முதன்முதல் அகழ்ந்தார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து தாழிகளையும் வெண்கலப் பொருள்களையும் வெளிக்கொணர்ந்தார். இவற்றில் ஒன்றைத் தொட்டிருந்தாலும் உரையாடல் நீர்ப்பங்கீட்டுக்கோ, தொல்லியல் பாதுகாப்புக்கோ நகர்ந்திருக்கும். பிறகு அவருடைய பொருளாதாரமும் அங்கே பயன்பட்டிருக்கும். வட்டி விகிதத்தை எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஸ்ரீவைகுண்டம் அவருக்கு மட்டுமே உரியது.

ஊரைப் பற்றிய கேள்விக்கு அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: "உங்கள் குடும்பம் ஏன் இங்கு வந்தது?" இதற்கு நம் இளைஞர் பெரும்பாலோர் "வேலைக்காக" என்று ஒரே சொல்லில் விடை கூறி முடித்துவிடுகின்றனர். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது; நாம் சொன்னதில்லை. நிலம் எத்தனை பங்காயிற்று, கிணறு எந்த ஆண்டு வற்றியது, எந்த அண்ணன் முதலில் வந்து கரோல்பாக் மாடியறையில் நால்வரோடு தங்கினார், முதற் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பிய மணியார்டர் எவ்வளவு என்பனவெல்லாம் நம் முதியோர் நெஞ்சில் கிடக்கின்றன. பழைய வறுமையைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாமே என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. அக்கூச்சம் இயல்பானது. ஆனால், இந்நாட்டில் மக்கள் ஏன் இடம்பெயர்கின்றனர் என்பது ஆட்சியாளர் அறிய வேண்டிய பெருங்கேள்வி. அதற்கு விடை நூலகத்தில் தேடும் ஒருவனைவிட வீட்டில் கேட்டு அறிந்த ஒருவன் நன்றாகப் பேசுவான் என்பதில் ஐயமில்லை.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இக்கேள்வி வேறு உருவில் வரும்: "நீங்கள் கேரளத்தவரா, தமிழரா?" 1956 நவம்பர் 1-க்கு முன் மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்தது என்ற ஒரு செய்தியை அறிந்திருந்தால், தடுமாற்றமே நல்ல விடையாக மாறிவிடும். மொழிவாரி மாநிலம் அமைந்த வரலாறு அவர்கள் பாட்டியின் வீட்டு வாசல் வழியாகவே சென்றிருக்கிறது. பம்பாய் வாழ் அன்பர்களுக்கும் ஒரு சொல். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் வேரூன்றிய தாராவியில் பிறந்தவர், முகவரியைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார் என்று அங்குள்ள அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. அங்குக் குடிநீர்க் குழாய் எத்தனை மணிக்குத் திறக்கும், ஒரு பட்டறையில் எத்தனை பேர் உழைக்கின்றனர் என்பது அவருக்குத் தெரியும். குழுவில் வேறு எவருக்கும் தெரிந்திராது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. பூர்வீக ஊரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, தாம் வாழும் ஊரை அறியாதவரும் இருக்கின்றனர். இராமகிருஷ்ணபுரத்தில் இருபது ஆண்டு வாழ்ந்தும், அது யாருக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு என்று சொல்லத் தெரியாதவர் நம்மிடையே உண்டு. யமுனையின் நுரை எதனால் வருகிறது, தில்லிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளிலும் தமிழரல்லாத பிள்ளைகள் எவ்வாறு சேர்ந்து படிக்கிறார்கள் என்பனவும் கேட்கப்படலாம். கேட்காவிடினும் அறிந்திருப்பதில் நட்டமில்லை.

பெயரைப் பற்றிய கேள்வி எளிதாகத் தோன்றும். "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று வடநாட்டு உறுப்பினர் ஒருவர் கேட்கலாம். "எங்களுக்கு அது இல்லை" என்று நாம் சிரித்து நிறுத்திவிடுகிறோம். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்வைக்கும் வழக்கத்தையும், சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டுமென 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்ததையும், அதன்பின் தமிழ்நாட்டில் பெயரின் வாலாகச் சாதிப் பட்டம் வருவது அருகிப்போனதையும் இரண்டு வாக்கியங்களில் சொன்னால், அது ஒரு சமூக வரலாற்றுப் பாடம். தம் பெயரின் பொருளையும் அறிந்திருத்தல் வேண்டும். அன்பழகன் என்று பெயர் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் கூரையைப் பார்ப்பது அழகன்று.

பொழுதுபோக்கு என்னும் இடத்தில் "நூல் வாசித்தல், இசை கேட்டல்" என்று எழுதாதவர் அரியர். வாசிப்பவர் எழுதட்டும், ஆனால் கடைசியாக வாசித்த நூல் எது என்ற கேள்விக்கு விடையும் இருக்கட்டும். நம் ஒத்திகைக்கு வந்த நங்கை ஒருவர் கோலம் என்று எழுதியிருந்தார். வீட்டில் இதனை நீக்கிவிடச் சொன்னார்களாம், சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதாம். நாம் வேண்டாம் என்று தடுத்தோம். புள்ளி வரிசையில் கோடு எவ்வாறு வளைந்து மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வருகிறது என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அக்கோலங்களைக் கணித நோக்கில் ஆராய்ந்தவர் என்பதை அவருக்கு எடுத்துரைத்தோம். தம் அன்னையார் நாள்தோறும் அடுக்குமாடி வாசலில் இரண்டடி இடத்தில் செய்யும் செயல் கணினி அறிவியலில் ஆராயப்பட்டது என்று அறிந்தபோது அவர் முகத்தில் தோன்றிய ஒளியை, எந்தப் பயிற்சி நிலையமும் கட்டணத்துக்குத் தர இயலாது.

மொழியைப் பற்றிக் கூறாமல் இதனை முடிக்க இயலாது. கோத்தாரிக் குழுவின் பரிந்துரைப்படி 1979 முதல் இத்தேர்வு புதிய அமைப்பைப் பெற்றது. அது முதல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தேர்வெழுத வழி பிறந்தது. தமிழில் எழுதியவர் தமிழிலேயே பேட்டி அளிக்கலாம்; ஆங்கிலத்தையோ இந்தியையோ தேர்ந்துகொள்ளவும் செய்யலாம். மொழிபெயர்ப்பாளர் உடனிருப்பார். ஆங்கிலத்தில் எழுதியவருக்கும், கட்டாய இந்திய மொழித் தாளுக்கு எடுத்த மொழியில் பேச இடமுண்டு. அவ்வாண்டு அறிவிப்பை வரிவரியாகப் படித்து முடிவு செய்க. வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு எதில் பேசுவது என்ற குழப்பம் நியாயமானதே. பெருமைக்காகத் தமிழையும், வெட்கத்துக்காக ஆங்கிலத்தையும் தேர்வது இரண்டும் நமக்கு உடன்பாடன்று. கோபம் வரும்போது எம்மொழியில் வாதிடுகிறீர்களோ அம்மொழியே தடையின்றி வரும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் வழுக்கிவிட்டால் பணிவுடன் திருத்திச் சொல்லும் பழக்கம் வேண்டும் என்பதையும் மறவாதீர்.

அறியாத கேள்வி வந்தால் என்செய்வது? "மன்னிக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை" என்பது முழுமையான விடை. நம் பெற்றோர் பலருக்கு இது ஒப்பவில்லை. ஏதாவது சொல்லி வைக்கலாமே என்கின்றனர். ஏதாவது சொல்பவர் அடுத்த கேள்வியில் இன்னும் ஆழத்தில் இறங்குகிறார். எதிரே இருப்பவர் அத்துறையில் நாற்பது ஆண்டு உழைத்தவராக இருக்கக்கூடும். ஓரளவு தெரிந்தால், "இது என் ஊகம்" என்று கூறிவிட்டு ஊகிக்கலாம். மனப்பாட விடைகளையும் தவிர்க்க வேண்டும். "ஏன் ஆட்சிப் பணிக்கு வர விரும்புகிறீர்?" என்ற வினாவுக்கு ஒரே பயிற்சி நிலையத்தில் படித்த அனைவரும் ஒரே வாக்கியத்தைக் கூறினால், கேட்பவருக்குக் கொட்டாவி வாராதா?

நங்கையருக்குச் சில கேள்விகள் தனியே வருவதுண்டு. சென்னையில் கல்லூரிக் கல்வி பெற்ற சி.பி. முத்தம்மா 1949-இல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி. அவரைப் பேட்டி கண்டோர் அப்பணி பெண்ணுக்கு ஏற்றதன்று என்று மனத்தை மாற்ற முயன்றனர். அவர் மாறவில்லை. பின்னர்ப் பணியில் பெண்களுக்கு எதிராக இருந்த விதிகளை உச்ச நீதிமன்றத்துக்கே கொண்டுசென்றார். 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அவ்விதிகளைக் கடிந்துரைத்தார். 1951-இல் ஆட்சிப் பணிக்குத் தேர்வான அன்னா ராஜம் அம்மையாருக்கும் வேறு பணிகளை எடுத்துக்கொள்ளுமாறு பேட்டிக் குழு கூறியது. அவர் தம் விருப்பத்தை மாற்றிக்கொள்ளாது சென்னை மாநிலத்தைக் கேட்டுப் பெற்று, ஓசூரில் துணை ஆட்சியராக அமர்ந்தார். இருவரும் சினக்கவில்லை, அழவுமில்லை, தாம் கேட்டது இன்னது என்பதில் உறுதியாயிருந்தனர். இன்று திருமணத்தைப் பற்றி எவரேனும் கம்பெனிப் பேட்டியில் கேட்டால், "என் பணியைப் பாதிக்கும் எதுவும் இல்லை" என்று கூறி மேற்செல்லலாம். அதற்கு மேலும் துருவுகிற இடத்தில் வேலை பார்க்க வேண்டுமா என்பதை வீட்டில் வந்து யோசிக்கலாம்.

வங்கிகளைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் நடத்தும் அதிகாரித் தேர்வில் எழுத்துக்கும் பேட்டிக்கும் 80-க்கு 20 என்ற விகிதம். பேட்டியில் நூற்றுக்கு 40 பெற்றாக வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35. எழுத்தர் பதவிக்குப் பேட்டி இல்லை. வங்கிப் பேட்டியில் "இயந்திரவியல் படித்துவிட்டு இங்கு ஏன் வந்தீர்?" என்ற கேள்வி வருவது ஏறக்குறைய உறுதி. மெய்யான காரணத்தையே சொல்லுக. அது "நிலையான வேலை வேண்டும்" என்பதாக இருந்தாலும் குற்றமில்லை, அதனோடு வங்கித் தொழிலில் தாம் கண்ட ஒரு நல்ல அம்சமும் சேர்ந்திருக்குமாயின்.

கம்பெனிகளில் முறை வேறு. ஷ்மிட், ஹண்டர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், மனம்போன போக்கில் பேசும் பேட்டியைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்கும் பேட்டியே நல்ல ஊழியரைக் கண்டறிய உதவுகிறது என்று காட்டினர். பெரிய கம்பெனிகள் இன்று அவ்வழியையே நாடுகின்றன. "ஒரு நெருக்கடியை எவ்வாறு சமாளித்தீர்? நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்பது அவர்கள் பாணி. நம் பிள்ளைகளிடம் சரக்குக்குக் குறைவில்லை. தந்தையாரின் மாற்றலால் மூன்று மொழியில் நான்கு பள்ளி மாறியவர் உண்டு; இட்லிக் கடையில் விடியற்காலை மாவாட்டிக்கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குச் சென்றவர் உண்டு. என்ன நேர்ந்தது, தாம் என்ன செய்தார், என்ன விளைந்தது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகினால் போதும். "நாங்கள் செய்தோம்" என்று அடக்கமாகச் சொல்வது நம் பண்பு. பேட்டியில் மட்டும், தாம் செய்ததைத் தாமே செய்ததாகச் சொல்க.

இனி, அறிவுக்கும் சொல்வன்மைக்கும் தொடர்பில்லாத, ஆனால் நம் குடும்பங்களை மிகவும் அலைக்கழிக்கும் ஒன்று: சான்றிதழ். பிறப்புச் சான்றில் ஓர் எழுத்து முன்னே நிற்கும்; பள்ளிச் சான்றில் தந்தை பெயர் முழுதாய்ப் பின்னே நிற்கும்; ஆதாரில் ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும். மூன்றும் ஒருவரே என்று சரிபார்க்கும் மேசையில் உள்ளவர் எப்படி அறிவார்? அழைப்பு வந்தபின் ஓடுவதில் பயனில்லை. விண்ணப்பிக்கும் முன்னரே சீர்செய்க. சாதிச் சான்றிதழில் இன்னும் விழிப்பு வேண்டும். ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ள வகுப்பினர் பிறிதொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அம்மாநிலத்துச் சலுகைகளை அதே நிலையில் கோர இயலாது என 1990-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அகில இந்தியப் பணிகளுக்குப் பூர்வீக மாநிலத்து நிலையே செல்லும். எந்த வேலைக்கு எந்தச் சான்று, எந்த அலுவலரிடம், எந்தப் படிவத்தில் என்பதை அறிவிப்பில் பார்த்து, தந்தையாரின் மூலச் சான்றிதழைத் தேடி எடுத்து வைத்துக்கொள்க. அது ஊரில் பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கக்கூடும்.

பேட்டி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் அன்று மாலையே கேள்வி கேள்வியாய்த் திரும்பக் கேட்டு, "அதற்கு அப்படியா சொன்னாய்?" என்று இரண்டாம் பேட்டி நடத்தும் வழக்கத்தை நிறுத்துமாறு பெற்றோரை வேண்டுகிறோம். காப்பி கொடுங்கள், உறங்க விடுங்கள்.

நம் சங்கக் கூடத்தில் ஒத்திகைப் பேட்டிகள் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு நடைபெறும். ஓய்வுபெற்ற அதிகாரிகள் மூவரும் வங்கி அன்பர் ஒருவரும் கேள்வி கேட்க இசைந்துள்ளனர். கட்டணம் இல்லை, கோட்டும் வேண்டுவதில்லை. நிரப்பிய படிவத்தின் நகல் நான்கைக் கொண்டுவருக. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருப்பின் அவர்களையும் உடன் அழைத்து வருக. சென்ற மாதம் பாதிக் கேள்விகளுக்கு விடை அவர்களிடமே இருந்தது.